ஒரு வாக்குமூலமும் உன்மேல் எனக்குள்ள பொறாமையும்

போன வாரம் திருப்பதியில் பல் டாக்டரிடம் போயிருந்தேன். கடைவாய்ப் பல்லில் குடைச்சல். அவர் பஞ்சைக் கிராம்புத் தைலத்தில் தோய்த்து ஈறில் வைத்து, "கொஞ்ச நேரம் வாய மூடிக்கோங்க சார்" என்றார். மூடிக்கொண்டேன். கண்ணையும் மூடிக்கொண்டேன். வலி அடங்குவதற்குள் நீ வந்து நின்றுவிட்டாய். சித்தூர் செஷன்ஸ் கோர்ட்டில், கறுப்புக் கோட்டுப் பையிலிருந்து ஒரு கிராம்பை எடுத்து நாக்குக்கடியில் அடக்கிக்கொண்டு, சாட்சியை விசாரிக்க எழுந்திருப்பாயே, அந்த நீ. எனக்குத் துக்கம் வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், பழைய எரிச்சல்தான் வந்தது. செத்த பிறகும் என் வாய்க்குள் வந்து உட்கார்ந்துகொள்ள உன்னால் முடிகிறதே என்று.

உன்மேல் எனக்கு இருந்தது பொறாமை. அதை வேறு பெயர் சொல்லி மழுப்புகிற வயதைக் கடந்துவிட்டேன். சென்னையில் சட்டக் கல்லூரி விடுதியிலேயே அது தொடங்கிவிட்டது. நான் விடிய விடியப் படித்து எழுதிய பரீட்சையை நீ பேச்சுவாக்கில் எழுதிவிட்டு வந்தாய். நான் பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கிராமத்தான், நீ புத்தூர்க்காரன். ஒரே ஜில்லா என்பதால் ஒட்டிக்கொண்டோம். சித்தூரில் சேர்ந்தே தொழிலுக்கு வந்தோம். ஒருமுறை எங்கள் ஊருக்கு உன்னை அழைத்துப் போனேன். அதற்கப்புறம் நான் தனியாகப் போகும்போதெல்லாம் நைனா என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் என் முதுகுக்குப் பின்னால் பார்ப்பார். "அவன் வர்லியா? புது வேர்க்கடல வந்துக்கினு கீது, அவனுக்குப் புடிக்குமே" என்பார். எனக்கும் வேர்க்கடலை பிடிக்கும். அதை அவரிடம் நான் சொன்னதில்லை.

ஆந்திரம் தனி மாநிலமானபோது சித்தூர் ஜில்லா அந்தப் பக்கம் சேர்ந்தது. ஊர் இருந்த இடத்தில்தான் இருந்தது. எங்களுக்கு மேலே இருந்த ஐகோர்ட்டுதான் சென்னையை விட்டுக் குண்டூருக்குப் போயிற்று. எந்த ஊர் எந்தப் பக்கம் என்று கூட்டமும் ஊர்வலமுமாக இருந்த காலம் அது. பெயர்ப் பலகைகளில் இரவோடிரவாகத் தார் பூசுவார்கள். வக்கீல்கள் அறையில் தமிழ்க்காரர்கள் ஜன்னலோரமும் தெலுங்குக்காரர்கள் கதவோரமும் தனித்தனியாக உட்காரத் தொடங்கினார்கள். நீ மட்டும் எங்கே காற்று வருகிறதோ அங்கே உட்கார்ந்தாய். உன்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் தெலுங்குமாக வளர்ந்த உன் நாக்கு, இரண்டிலும் தடுக்காமல் ஓடியது. என் தெலுங்கோ மாட்டுவண்டி ஆற்று மணலில் போவதுபோல் போகும். பீபீ என்கிற அரசுத் தரப்பு வக்கீல் பதவி காலியானபோது எனக்கும் ஆசை இருந்தது. உனக்குக் கொடுத்தார்கள். நியாயம்தான். நியாயமாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கோவிந்தன் வழக்கு வந்தது.

நகரியில் தறி நெய்பவன் கோவிந்தன். ஒரு நாள் பகலில் வெளியே போனவன் சீக்கிரமே திரும்பிவிட்டான். வீட்டுக்குள் நுழைந்தபோது தறி இருந்த அறையில் தன் மனைவி கன்னியம்மாவையும், நூல் கொடுத்துச் சேலை வாங்கிப் போகிற ஆளையும் பார்க்கக் கூடாத நிலையில் பார்த்தான். அங்கேயே சாத்தியிருந்த ஒரு கட்டையால் அந்த ஆளை அடித்தான். அடி தலையில் விழுந்தது. அவன் அங்கேயே செத்துப் போனான். சத்தம் கேட்டு வந்த அக்கம்பக்கத்தார், கையில் கட்டையோடு கோவிந்தன் வாசலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார்கள். பிறகு அவன் மாஜிஸ்திரேட்டின் முன் நடந்தது அத்தனையையும் சொன்னான். மாஜிஸ்திரேட்டின் குமாஸ்தா அதைத் தெலுங்கில் எழுதினார். கோவிந்தன் கைநாட்டு வைத்தான்.

அந்த வாக்குமூலத்தைக் கீழ்க்கோர்ட்டில் ஒரு நாள் உரக்க வாசித்தார்கள். கூட்டத்தின் பின்னால் கன்னியம்மா நின்றிருந்தாள். அவர்கள் தெருக்காரர்களும் இருந்தார்கள். வாசித்து முடித்ததும் கோவிந்தன், "இது நான் சொன்னது இல்ல, போலீசு அடிச்சி சொல்ல வச்சாங்க" என்றான். வழக்கு செஷன்ஸுக்கு வந்தபோது அவன் அண்ணன் என்னிடம் வந்தார். நான் ஜெயிலுக்குப் போய் அவனைப் பார்த்தேன்.

"உன்ன அடிச்சாங்களா?" என்று கேட்டேன்.

அவன் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அடிச்சாங்கன்னு சொல்லிடுங்க சாமி."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"எனக்கு ஒரு பொண்ணு கீது சாமி. சின்னது. நாளைக்கி அத கட்டிக்கினு போறவன் இத கேக்கக் கூடாது. அந்தக் காயிதம் இருக்கக் கூடாது. அவ்ளோதான்."

நான் அவனுக்கு விளக்கினேன். அந்தக் காகிதத்தில்தான் அவனைத் தூக்கில் போடவும் வழி இருக்கிறது, காப்பாற்றவும் வழி இருக்கிறது. கண்ணெதிரே அப்படி ஒன்றைக் கண்டு, தன்னை மறந்த ஆத்திரத்தில் அந்தக் கணமே அடித்தவனைச் சட்டம் கொலைகாரன் என்று சொல்வதில்லை, குற்றம் குறைந்துவிடும். ஆனால் அப்படி வாதாட வேண்டுமானால், அடித்ததையும் ஒத்துக்கொள்ள வேண்டும், கண்டதையும் ஊரறியச் சொல்ல வேண்டும்.

"தூக்குல போட்டா போடட்டும்" என்றான்.

கட்சிக்காரன் சொன்ன பிறகு வக்கீலுக்கு வேறு வழி இல்லை. இருந்தாலும் எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. குற்றத்தைக் குறைத்துக் கேட்பதைவிட, வாக்குமூலத்தையே தூக்கியெறியச் செய்து முழு விடுதலை வாங்குவது பெரிய காரியம். தமிழ் பேசுகிறவன் சொன்னதைத் தெலுங்கில் எழுதி, தெலுங்கிலேயே வாசித்துக் காட்டிக் கைநாட்டு வாங்கியிருக்கிறார்கள். அது செல்லாது என்பது என் வாதம். நல்ல வாதம். இன்றைக்கும் சொல்கிறேன், நல்ல வாதம். அதுவும் எதிர்த்தரப்பில் நீ. உன்னை உன் கோர்ட்டிலேயே தோற்கடிக்க எனக்குக் கிடைத்த வாய்ப்பு. சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் அதையே ஒத்திகை பார்த்தேன்.

விசாரணையின் முதல் நாளே நீ எனக்கு ஏமாற்றம் கொடுத்தாய். கன்னியம்மா உன் சாட்சி. கூண்டில் ஏறியவள் தலையை நிமிர்த்தவே இல்லை. "நான் எதையும் பாக்கல" என்றாள். புருஷன் சொல்லச் சொன்னதைச் சொன்னாள். வேறு எந்த அரசு வக்கீலாக இருந்தாலும் அவளைப் பிறழ்சாட்சி என்று அறிவிக்கச் சொல்லி, கேள்விமேல் கேள்வி கேட்டு அவளைக் கிழித்திருப்பான். நீ அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். "சரிம்மா, எறங்கிப் போய் ஒக்காரு" என்றாய். ஜட்ஜ் உன்னை விநோதமாகப் பார்த்தார். எனக்குச் சந்தோஷம். உனக்குக் கை தளர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் மாஜிஸ்திரேட் சாட்சி சொல்ல வந்தார். திருப்பதிக்காரர், தமிழ் நன்றாகத் தெரிந்தவர். நான் அவரைக் குறுக்கு விசாரணை செய்தேன். அவன் பேசியது தமிழ், எழுதியது தெலுங்கு, வாசித்துக் காட்டியதும் தெலுங்கு என்பதை அவர் வாயாலேயே வரவழைத்தேன். உட்காரும்போது உன் பக்கம் பார்க்காமல் இருக்க முடியவில்லை. நீ கிராம்பை மென்றுகொண்டிருந்தாய். பிறகு எழுந்து, வாக்குமூலத்தை ஜட்ஜிடம் கொடுத்து, "கனம் கோர்ட்டார் மூன்றாவது பத்தியைத் தாங்களே மனத்துக்குள் படித்துக்கொள்ள வேண்டும். உரக்க வாசிக்க வேண்டிய அவசியம் இல்லை" என்றாய். கோவிந்தன் கண்டது முழுவதும் அந்தப் பத்தியில்தான் இருந்தது. ஜட்ஜ் படித்தார். பின்னால் நின்ற நகரிக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"பார்த்தேன், வெளியே போனேன், கட்டையால் அடித்தேன் என்று இருக்கிறதே" என்றார் ஜட்ஜ். அவர் குண்டூர்ப் பக்கத்துக்காரர், தமிழ் தெரியாது. "போய்விட்டுத் திரும்பி வந்து அடித்திருக்கிறான். நடுவில் யோசிக்க நேரம் இருந்திருக்கிறது. இது கொலைதானே?"

அரசு வக்கீலுக்கு அதைவிட என்ன வேண்டும்? "ஆமாம்" என்று சொல்லி நீ உட்கார்ந்திருக்கலாம். நீ மாஜிஸ்திரேட்டின் பக்கம் திரும்பினாய். "அவன் வாயால் என்ன சொன்னான்? அவன் சொன்னபடியே தமிழில் சொல்லுங்கள்."

நான் துள்ளி எழுந்தேன். எழுத்தில் இருப்பதற்கு மேல் வாய்ச்சொல் செல்லாது என்று ஆட்சேபித்தேன். ஜட்ஜ் என்னை உட்காரச் சொன்னார்.

மாஜிஸ்திரேட் யோசித்துச் சொன்னார்: "'பாத்தேன் சாமி, என்னா ஆச்சின்னே தெரியல, கட்டையால போய் அடிச்சிப்புட்டேன்' என்றான். குமாஸ்தா அதைத்தான் தெலுங்கில் அப்படி எழுதினார்."

நீ ஜட்ஜைப் பார்த்துத் தெலுங்கில் பேசினாய். எனக்கு அந்தத் தெலுங்கு முழுவதும் புரிந்தது, அவ்வளவு மெதுவாகப் பேசினாய். "எங்கள் பக்கத்துத் தமிழில் அந்தப் 'போய்'க்கு எங்கேயும் போனதாக அர்த்தம் இல்லை. எதிரில் உட்கார்ந்திருப்பவனிடம் ஒன்று கேட்டு, அவன் தப்பாகப் பதில் சொன்னால், 'உன்கிட்ட போய் கேட்டேனே' என்போம். கேட்டவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. செய்யக் கூடாததைச் செய்துவிட்டோமே என்கிற வருத்தம்தான் அந்தச் சொல். இவன் வெளியே போகவில்லை. கட்டை அந்த அறையிலேயே இருந்தது. பார்த்த இடத்திலேயே அடித்திருக்கிறான்."

ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்தார். நீ அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. என் பக்கம் கையைக் காட்டி, "நான் சொல்வதை நம்ப வேண்டாம். என் நண்பருக்குத் தமிழ் என்னைவிட நன்றாகத் தெரியும். அவரையே கேளுங்கள்" என்றாய்.

ஜட்ஜ் என்னைக் கேட்டார். "அப்படித்தானா?"

அந்த நேரத்தில் உன்னை நான் எவ்வளவு வெறுத்தேன் என்று உனக்குத் தெரியாது. "ஆம்" என்றால், அவன் அதைச் சொன்னான் என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். நான் ஒத்திகை பார்த்த வாதம் அத்தனையும் மண்ணோடு மண். "இல்லை" என்றால், கூண்டில் நிற்கிறவன் கழுத்துக்குக் கயிறு. கோவிந்தனைத் திரும்பிப் பார்த்தேன். அவனுக்குத் தெலுங்கு தெரியும், எல்லாம் புரிந்திருந்தது. மூன்றாவது பத்தியை யாரும் உரக்க வாசிக்கவில்லை என்பதும் புரிந்திருந்தது. அவன் என்னைப் பார்த்து, சரி என்பதுபோல் தலையை மெல்ல அசைத்தான்.

எழுந்து நின்று, "ஆம், அப்படித்தான்" என்றேன்.

இதில் என்னைச் சுட்டது நான் தோற்றது இல்லை. அது என் மொழி. ஜன்னலோரம் உட்கார்ந்து தமிழுக்காகக் குரல் கொடுத்தவன் நான். அந்த வாக்குமூலத்தை நாற்பது தடவையாவது படித்திருப்பேன், எப்படிக் கிழிக்கலாம் என்று. நீ அதை ஒரு மனிதன் பேசுவதைக் கேட்பதுபோலக் கேட்டிருக்கிறாய். என் பாட்டுக்கு நான் தெருவில் நாளெல்லாம் பேசுகிற ஒரு சொல்லை நீ எடுத்து, விளக்கி, கடைசியில் சரிபார்க்கச் சொல்லி என்னிடமே நீட்டினாய்.

கோவிந்தன் பின்னால் மறுத்தது நம்பத்தக்கது அல்ல, முதலில் சொன்னதே உண்மை, உண்மை என்றால் முழுவதும் உண்மை என்று தீர்ப்பு எழுதினார் ஜட்ஜ். குற்றம் குறைந்தது. தூக்கு இல்லை, சில வருஷச் சிறை. வெளியே வேப்பமரத்தடியில் கன்னியம்மா நேராக உன்னிடம்தான் ஓடினாள். உன் காலில் விழுந்தாள். அவள் புருஷனுக்குத் தண்டனை வாங்கித் தர வேண்டிய வக்கீலின் காலில்! நீ பதறிப் பின்வாங்கி அவளிடம் ஏதோ சொன்னாய். அவள் எழுந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, முற்றத்தைக் கடந்து என்னிடம் வந்தாள்.

"நீங்க சொன்னதாலதான் தூக்கு இல்லன்னு அந்த அய்யா சொன்னாரு. உங்கள போய் கும்பிடச் சொன்னாரு" என்றாள்.

கும்பிட்டாள். நான் வாங்கிக்கொண்டேன்.

எல்லைத் தகராறு தீர்ந்து, எங்கள் பள்ளிப்பட்டும் திருத்தணியும் சென்னைப் பக்கம் வந்தபோது நான் பெட்டி கட்டினேன். நீ பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தாய். "கோடு போட்டது அவங்க. நீ ஏண்டா அதத் தாண்டிக்கினு ஓடற?" என்றாய். சொந்த ஊர், சொந்த மொழி, நைனாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஏதேதோ சொன்னேன். எல்லாம் உண்மைதான். உன்னோடு என்னை ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லாத கோர்ட்டு ஒன்று எனக்கு வேண்டியிருந்தது என்பதும் உண்மை. திருத்தணியில் எனக்கு வந்த முதல் கட்சிக்காரர் உட்கார்ந்ததும் கேட்ட கேள்வி, "சார் சித்தூர்லேர்ந்து வந்துகிறீங்களாமே, அங்க அந்த பீபீயத் தெரியுமா?"

வருஷங்கள் கழித்து, கோவிந்தன் தன் மகள் கல்யாணத்துக்கு நம் இருவரையும் கூப்பிட்டிருந்தான். நகரியில் அதே தெரு. அவன் சிறையில் இருந்தவரை கன்னியம்மா தறியை நிற்கவிடவில்லை. திரும்பி வந்தவன் அவளோடேயே வாழ்ந்தான். அவர்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள், பேசினார்களா என்றே எனக்குத் தெரியாது. நீயும் கேட்டதில்லை. மாப்பிள்ளைப் பையன் மாமனார் மாமியார் காலில் விழுந்தபோது இருவரும் சேர்ந்து நின்றார்கள். கோவிந்தன் உனக்கு முதல் மாலை போட்டான், எனக்கு இரண்டாவது. பந்தியில் உனக்குக் கேட்காமலே இன்னொரு தடவை பாயசம் வந்தது. நான் கேட்டு வாங்கினேன்.

கை கழுவும் இடத்தில் உன்னைக் கேட்டே விட்டேன். "அன்னிக்கி நீ அரசாங்கத்து வக்கீல். ஜட்ஜே தூக்கு பக்கம் சாஞ்சிக்கினு இருந்தாரு. உனக்கு என்ன வந்துச்சி?"

"எனக்குக் குடுத்த வேல தூக்குல போடறது இல்லடா. நடந்தது என்னான்னு சொல்றது" என்றாய். சோப்பைத் தேடிக்கொண்டே சொன்னாய். உனக்கு அது அவ்வளவுதான். நான் சொல்லியிருந்தால் கண்ணாடி முன் நின்று நாலு தடவை சொல்லிப் பார்த்திருப்பேன்.

நீ போன அன்று, கடைசிக் காலத்தில் நீ குடியேறியிருந்த திருப்பதிக்கு வந்தேன். உன் வீட்டுத் தெரு முழுக்கச் செருப்புகள். தமிழில் அழுகிறவர்கள், தெலுங்கில் அழுகிறவர்கள், நீ ஜெயிலுக்கு அனுப்பியவர்கள்கூட இரண்டு பேர். கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, என் வாசலில் இத்தனை செருப்பு கிடக்காது என்பதுதான். அன்றுகூட அப்படித்தான் தோன்றியது. என்ன செய்ய?

கன்னியம்மா வாசல் கேட் ஓரமாக நின்றிருந்தாள். கிழவியாகிவிட்டாள். கோவிந்தன் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தான். பேத்தி ஒருத்தி அவள் கையைப் பிடித்திருந்தாள். என்னை உற்றுப் பார்த்து, அந்தப் பெண்ணிடம், "கும்பிடு. இவருதான் நம்ம வக்கீலு" என்றாள்.

எதற்காக வக்கீல் என்று பேத்தி கேட்கவில்லை. கன்னியம்மாவும் சொல்லவில்லை. 'நம்ம வக்கீலு.' இந்தத் தடவை யாரும் அவளை அனுப்பி வைக்கவில்லை, அவளாகவே சொன்னாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. உன்னிடம் சொல்லிக் காட்ட வேண்டும், 'பாத்தியாடா, என்னச் சொல்லிட்டா' என்று சொல்ல வேண்டும் என்று வேகமாக உள்ளே நடந்தேன். கூடத்து வாசற்படி வரைக்கும் அப்படியே நடந்தேன். அங்கே உன்னைக் கிடத்தியிருந்தார்கள்.

நான் தொழிலை விட்டும் பல காலமாயிற்று. இருந்தாலும் காலையில் பத்திரிகையில் ஒரு கொலை வழக்கு வந்தால், குற்றவாளி முதலில் ஒப்புக்கொண்டான், பிறகு மறுத்தான் என்று ஒரு வரி இருந்தால், காபியை அப்படியே வைத்துவிடுகிறேன். அவன் வாயால் என்ன சொல்லியிருப்பான், எழுதினவர் காதில் என்ன விழுந்திருக்கும் என்று ஒவ்வொரு சொல்லாகப் புரட்டிப் பார்க்கிறேன். நீ கண்டுபிடிப்பதற்குள் நான் கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற அவசரம் இன்னும் போகவில்லை. சில நாள் கண்டுபிடித்தும்விடுகிறேன். அப்புறம் ஆறிப்போன காபியைக் குடிக்கிறேன். ஜெயித்ததைச் சொல்ல ஆள் இல்லை.